மறு: 3 வாரத்துல கம்பு மாவு பாக்கெட் இறக்கலாமா?

வணக்கம் சார். வேளச்சேரியில இட்லி மாவு போடுறீங்க, போட்டிக்காரர் கம்பு மாவு கொண்டு வர்றதுக்குள்ள 40 கடைக்கும் இறக்கிடணும், லேபிள்ல '7 நாள்'னு அடிக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. அடிக்காதீங்க.

நான் மடிப்பாக்கத்துல இதே அவசரத்துல கேழ்வரகு மாவு இறக்கினவன். வீட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சுப் பார்த்தேன், 5 நாள் நல்லா இருந்தது. ஆனா கடையில ராத்திரி ஷட்டர் போடும்போது கரன்ட் பில்லுக்குப் பயந்து ஃப்ரிட்ஜையும் அணைச்சிடுவாங்க. எனக்கு அது உறைக்கல. அதுவும் சென்னை மே மாசம்! மாவு புளிச்சுக்கிட்டே இருக்கும், வாயு போக வழியில்ல. ரெண்டாம் நாள் காலைல பாக்கெட் எல்லாம் தலையணை மாதிரி உப்பி, ஒண்ணு வெடிச்சு தயிர் பாக்கெட் மேலெல்லாம் வழிஞ்சு கிடந்தது. கேழ்வரகு போனா போகுதுன்னு விட்டிருப்பேன். அந்த அண்ணாச்சி அதுக்கப்புறம் என் இட்லி மாவையும் வாங்கல.

பெரிய கம்பெனியும் தப்பல. சாம்சங் 2016 ஆகஸ்ட்ல நோட் 7 விட்டாங்க, பேட்டரி தீப்பிடிச்சு செப்டம்பர்ல திரும்ப வாங்கினாங்க. அவசரமா மாத்திக் கொடுத்த போனும் எரிஞ்சது. அக்டோபர்ல மாடலையே நிறுத்திட்டாங்க.

முதல்ல 4 கடை போதும். ஃப்ரிட்ஜ் அணைக்கிற கடை ஒண்ணு அதுல கட்டாயம் இருக்கட்டும். தினமும் ஒரு பாக்கெட் பிரிச்சு தோசை ஊத்திப் பாருங்க; புளிப்பு தாங்காத நாளுக்கு முந்தின நாளையே லேபிள்ல போடுங்க. போட்டிக்காரர் முந்தட்டும் சார், பாக்கெட் உப்புதா இல்லையான்னு அவர் செலவுலயே பார்த்துக்கலாம்.

ஆமா, கம்பை எவ்வளவு நேரம் ஊற வைக்கிறீங்க?