வீட்டை அடமானம் வைத்து எம்.எஸ். படிக்கப் போகலாமா?

கேள்வி: சேலம் பக்கம் தனியார் கல்லூரியில் இசிஇ (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், சிஜிபிஏ 8.4. அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க ஆசை. அப்பா (52 வயது) ஆறு விசைத்தறி ஓட்டுகிறார். இருக்கும் ஒரே வீட்டை அடமானம் வைத்து 40 லட்சம் கடன் வாங்கலாம் என்கிறார். 10.5 சதவீத வட்டி, மாதம் 54 ஆயிரம் வீதம் பத்து வருடத்தில் முடிந்துவிடும் என்று கன்சல்டன்சியில் சொல்கிறார்கள். சரியா?

பதில்: அந்த 54 ஆயிரத்தில் படிக்கும் காலத்து வட்டி சேரவில்லை, தங்கச்சி. கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும். முதல் வருடம் 20 லட்சம், இரண்டாம் வருடம் 20 லட்சம் என்று வாங்கினால் மூன்று வருட முடிவில் வட்டி மட்டும் பத்தரை லட்சம். தவணை தொடங்கும்போது கடன் ஐம்பதரை லட்சமாகி, மாதம் 68 ஆயிரம் கட்ட வேண்டியிருக்கும். அந்த வட்டியை அப்பாவே அவ்வப்போது கட்டிவந்தால்தான் 54 ஆயிரம். அதற்கு முதல் வருடம் மாதம் 17,500, பிறகு 35,000. நூல் விலை ஏறி தறி நிற்கிற மாதங்களிலும் இது முடியுமா என்று அவரிடமே கேளுங்கள். அப்புறம், கடைசித் தவணை கட்டும்போது அவருக்கு 66 வயது இருக்கும்.

அதனால் என் பதில், இப்போதைக்கு வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். படிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை, செலவு குறைந்த வழிகளை முதலில் முயன்று பாருங்கள் என்கிறேன்.

எம்.டெக். சேர்க்கைக்கான தேசிய நுழைவுத் தேர்வான கேட்டை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம், தெரியுமா? விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில், பெண்களுக்குக் கட்டணம் பாதிதான். மதிப்பெண் மூன்று வருடம் செல்லும் என்பதால் முதல் தடவை சரியாக வராவிட்டாலும் இறுதியாண்டில் இன்னொரு முறை எழுதலாம். ஐஐடி, என்ஐடியில் கேட் மூலம் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வரும். பெரிய தொகை இல்லைதான், ஆனால் வீட்டிலிருந்து பணம் போவது வெகுவாகக் குறையும்.

வெளிநாடுதான் வேண்டும் என்றால் ஜெர்மனியைப் பாருங்கள். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணமே கிடையாது (பாடன் வுர்ட்டம்பெர்க் மாநிலத்திலும் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் உண்டு). விசாவுக்காக வருடச் செலவு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் (மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று வரம்புள்ள வங்கிக் கணக்கு) போட்டுக் காட்ட வேண்டும், ஏறத்தாழ 12 லட்சம். அது யாருக்கும் கொடுக்கிற கட்டணம் இல்லை, மாதம் 992 யூரோவாக உங்கள் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் திரும்பி வருகிற உங்கள் பணம். உங்கள் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்து ஜெர்மனி தரப்பில் தருகிற ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய் தனி, அதை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் எம்.எஸ். மாணவர்கள் பெரும்பாலும் சொந்தக் காசில்தான் படிக்கிறார்கள். பிஎச்.டி.க்கு அப்படி இல்லை, பொறியியலில் பொதுவாகக் கட்டணத் தள்ளுபடியும் மாதச் சம்பளமும் தருவார்கள். பி.இ. முடித்த கையோடு அதற்கு விண்ணப்பிக்கலாம், டிசம்பர் வாக்கில் கடைசித் தேதி இருக்கும். ஆனால் ஆராய்ச்சி அனுபவம் கேட்பார்கள், அதனால் இந்தக் கோடை விடுமுறையை வீணாக்காமல் ஐஐடிகள் நடத்தும் கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். உங்களை நன்றாகத் தெரிந்த ஆசிரியர் மூன்று பேரிடம் பரிந்துரைக் கடிதம் பற்றி இப்போதே பேசி வையுங்கள், கடைசி வாரத்தில் போய் நின்றால் பெயரை மட்டும் மாற்றின கடிதம்தான் கிடைக்கும்.

கன்சல்டன்சிக்காரர் இலவசமாகச் செய்கிறேன் என்றால், அவர் தரும் பட்டியலில் எந்தெந்தப் பல்கலைக்கழகம் அவருக்குக் கமிஷன் தருகிறது என்று நேராகவே கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அங்கே ஒரு ரூபாய்கூட முன்பணம் கட்டாதீர்கள்.