தோட்டத்துச் சாளைக்கு சோலார் கட்டுமாங்க?

கேள்வி: ஏனுங்க, காங்கயம் பக்கம் தோட்டத்துச் சாளைலதான் குடியிருக்கறோம், சோலார் போடோணும்னு ஆசை, மொத்தமா காசு போட வழியில்லைங்க. மத்த நாட்டு கிராமத்துலயெல்லாம் இல்லாதவங்க எப்படித்தான் போடறாங்க? - ஒரு வாசகி

பதில்: பேனல் விலை எவ்வளவோ எறங்கிருச்சுங்க, இடிக்கறது மொத்தமா கட்டறதுதான். கென்யால எம்-கோபான்னு ஒரு கம்பெனி, கொஞ்சம் அட்வான்ஸ் வாங்கிட்டு மிச்சத்த தினமும் துளித்துளியா போன்லயே கட்டச் சொல்லுது, கட்டலைன்னா லைட்டு லாக் ஆயிரும் (நம்மூரு சீட்டுக்காரர விடக் கறாரு!). பங்களாதேஷ்ல 2003ல ஆரம்பிச்சு கடன் குடுத்தே 40 லட்சம் வீட்டுக்கு மேல போட்டுட்டாங்க. நமக்கு 2024ல வந்த பிஎம் சூர்யா கர்ங்கற மத்திய அரசு வீட்டுக்கூரை சோலார் திட்டம் இருக்குதுங்க, 1 கிலோவாட்டுக்கு 30,000, 2க்கு 60,000, 3ம் அதுக்கு மேலயும்னா 78,000 ரூவா மானியம், ஆனா அது மாட்டி முடிச்சப்புறந்தான் அக்கவுண்ட்டுக்கு வரும், முதல்ல நாமதான் பொரட்டோணும், பேங்க்ல லோன் கேட்டுப் பாருங்க. ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் சும்மாவே வருதே, உங்க பில்லே கம்மின்னா அவசரப்படாதீங்க. அப்புறம் பேட்டரி இல்லாம ஈபி லைனோட சேத்து மாட்டற ஆன்-கிரிட்னா, கரண்டு போனா சோலாரும் நின்னுக்கும், விக்கறவங்க நெறையப் பேரு இத வாயத் தொறந்து சொல்றதேயில்லைங்க.