எஸ்எஸ்டியில் நான் எழுதியதைவிடக் கூடுதலாக எழுதப்பட்டதாகக் காட்டுவது ஏன்?

கல்முனையில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறீர்கள். நீங்கள் எழுதியது 100 ஜிபி, சிப்பில் பதிந்தது 150 ஜிபி என்று டிரைவ் காட்டுகிறது. கம்ப்ரஷன் (தரவைச் சுருக்கி எழுதும் வசதி) உள்ள டிரைவ் வாங்கினால் குறையுமா என்பது கேள்வி.

டிரைவில் பழுதில்லை. ஃபிளாஷ் சிப்பில் பழைய தரவின் மேலேயே எழுத முடியாது. எழுதுவது பக்கம் பக்கமாக. ஒரு பக்கம் பெரும்பாலும் 4 முதல் 16 கேபி. அழிப்பதோ நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட முழு பிளொக்காக. அதில் பாதிப் பக்கங்கள் செல்லாதவை (நீங்கள் அழித்த அல்லது மாற்றிய பழைய தரவு) என்றால், மீதிப் பாதியை வேறிடத்தில் எழுதிவிட்டுத்தான் அழிக்கலாம். உங்கள் கணக்கில் வராத 50 ஜிபியில் பெரும்பங்கு இந்த இடமாற்றம்தான். சிப்பில் பதிந்ததை நீங்கள் எழுதியதால் வகுத்தால் வரும் விகிதம் 1.5. டிரைவ் நிரம்ப நிரம்ப இது ஏறும்.

சரி, கம்ப்ரஷன்? சாண்ட்ஃபோர்ஸ் நிறுவனத்தின் கன்ட்ரோலர்கள் (டிரைவை இயக்கும் சிப்கள்) தரவைச் சுருக்கி எழுதி, விகிதத்தை 1-க்குக் கீழேகூட இறக்கின. ஆனால் அது டெக்ஸ்ட், டேட்டாபேஸ் போன்றவற்றில். எச்.264 என்ற முறையில் பதிவான வீடியோ ஏற்கெனவே சுருங்கியது. இனிப் பிழிய அதில் ஒன்றும் இல்லை. (மிச்சமாகும் இடமும் உங்கள் கைக்கு வராது, கன்ட்ரோலரே வைத்துக்கொள்ளும்.) அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். ட்ரிம் (அழித்த ஃபைல்களின் இடம் இனித் தேவையில்லை என்று கணினி டிரைவுக்குச் சொல்லும் வசதி) இயங்குகிறதா பாருங்கள், முடித்துக் கொடுத்த வேலைகளை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றி, டிரைவில் ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக விடுங்கள்.