பழைய கணினி ஆன் செய்ததும் பீப் அடிக்கிறது, ‘எஃப்1 அழுத்து’ என்கிறது. ஃபார்மட் செய்தால் சரியாகுமா?

சரியாகாது. தயவுசெய்து இப்போதைக்கு ஃபார்மட் பக்கம் போகாதீர்கள்.

நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: பன்னிரண்டு வருடப் பழைய டெஸ்க்டாப். காலையில் ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ‘சிமாஸ் செக்சம் எரர்’ என்று வருகிறது. எஃப்1 தட்டினால் விண்டோஸ் திறந்துவிடுகிறது, ஆனால் தேதி எங்கோ பல வருடம் பின்னால் போய் நிற்கிறது. வாரத்தில் ஒரு நாள் திரையே வராமல் நீள நீளமாகக் கத்துகிறது. தெரிந்தவர் ஒருவர் ஃபார்மட் செய்யச் சொல்கிறார், இன்னொருவர் மதர்போர்டு போய்விட்டது என்கிறார்.

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் கண் விழிப்பது பயாஸ் என்ற அடிப்படை மென்பொருள். அது மதர்போர்டிலேயே ஒரு சிப்பில் இருக்கிறது. ப்ராசசர், ராம், டிஸ்ப்ளே, கீபோர்டு என்று ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்கும். இதற்கு போஸ்ட் என்று பெயர். இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஹார்ட் டிஸ்கில் விண்டோஸைத் தேடும். உங்கள் இரண்டு தொல்லைகளும் அதற்கு முன்பே வந்துவிடுகின்றன. வாசல் கதவு திறக்கவில்லை என்றால் யாராவது உள்ளறைக்கு வெள்ளையடிப்பார்களா?

இரண்டு தொல்லைகள் என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். இவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்றே எனக்குப் படுகிறது.

முதலில் சிமாஸ். கடிகாரமும் பயாஸ் செட்டிங்குகளும் சிமாஸ் என்ற ஒரு சின்ன நினைவகத்தில் இருக்கின்றன. அதற்கு உயிர் கொடுப்பது மதர்போர்டில் நாணயம் மாதிரி உட்கார்ந்திருக்கும் சிஆர் 2032 பேட்டரி, 3 வோல்ட். செட்டிங்குகளைச் சேமிக்கும்போது பயாஸ் அவற்றையெல்லாம் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையையும் பக்கத்திலேயே எழுதி வைக்கும். மறுமுறை ஆன் ஆகும்போது மீண்டும் கூட்டிப் பார்க்கும். பேட்டரி தளர்ந்து எழுத்து அழிந்துபோனால் கணக்கு இடிக்கும். அந்தக் கணக்குத் தகராறுதான் செக்சம் எரர்.

பேட்டரிதானா என்று கேபினெட்டைத் திறக்காமலே தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. இன்றிரவு வழக்கம்போல் ஷட்டவுன் செய்யுங்கள், ஆனால் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைக்காதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு, அதாவது கணினிக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டிக்கு, மின்சாரம் வந்துகொண்டிருக்கும் வரை கணினி அணைந்திருந்தாலும் மதர்போர்டுக்கு 5 வோல்ட் ஸ்டாண்ட்பை கிடைக்கும், சிமாஸும் அதிலேயே பிழைத்துக்கொள்ளும். காலையில் எரர் வரவில்லை, மறுநாள் சுவர் சுவிட்சை அணைத்து வைத்தால் மட்டும் வருகிறது என்றால், பேட்டரிதான். மல்டிமீட்டர் இருந்தால் கழற்றி அளந்தும் பார்க்கலாம். புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலேயே காட்டும். 2.5-க்குக் கீழே இறங்கியிருந்தால் அதில் ஜீவன் இல்லை. தேதி பின்னால் போவதும் இதனால்தான். அதனால் பிரவுசரிலும் ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று வந்திருக்கும். அதற்கு வைரஸ் என்று யாராவது சொல்லியிருந்தால் ஆச்சரியமில்லை.

பேட்டரியை மாற்றுவது இரண்டு நிமிட வேலை. ஆனால் இங்கேதான் நான் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன்.

என்னுடைய பழைய கணினியிலும் தேதி பின்வாங்க ஆரம்பித்திருந்தது. புதுப் பேட்டரி போட்டு ஆன் செய்தேன், எரர் இல்லை. விண்டோஸ் லோகோ வந்தது. கண் சிமிட்டும் நேரம் ஒரு நீலத் திரை, உடனே ரீஸ்டார்ட். மறுபடி லோகோ, மறுபடி நீலம். எத்தனை முறை பார்த்தாலும் அதே சுற்று. ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். விண்டோஸ் பென்டிரைவைச் செருகி, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடத் தயாராகிவிட்டேன். பென்டிரைவிலிருந்து பூட் ஆவதற்கு வரிசையை மாற்ற பயாஸுக்குள் போனபோது ஒரு வரி கண்ணில் பட்டது: சாட்டா மோட், ஐடிஇ. ஹார்ட் டிஸ்கோடு கணினி எந்த முறையில் பேச வேண்டும் என்று சொல்லும் செட்டிங் அது. கையை அப்படியே நிறுத்தினேன். விண்டோஸ் போட்ட காலத்தில் அதை ஏஎச்சிஐ என்ற இன்னொரு முறைக்கு மாற்றியது நினைவுக்கு வந்தது. பேட்டரியைக் கழற்றியதும் செட்டிங்குகள் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிட்டன. டிஸ்கோடு எந்த முறையில் பேசிப் பழகியதோ அந்த முறை மாறிப்போனதால் விண்டோஸ் தடுமாறியிருக்கிறது. ஏஎச்சிஐ என்று மாற்றி, சேமிக்க எஃப்10 அழுத்தினேன், ஒன்றும் நடக்காதது போலத் திறந்துகொண்டது. இன்னும் ஐந்து நிமிடம் தாமதித்துப் பார்த்திருந்தால் பத்து வருடப் புகைப்படங்கள் போயிருக்கும்.

உங்கள் நிலைமை என்னுடையதைவிட நல்லது. எஃப்1 தட்டினால் விண்டோஸ் திறக்கிறது என்றால், இப்போது இருக்கும் செட்டிங் அதற்கு ஒத்துப்போகிறது என்று அர்த்தம். எனவே பேட்டரியைத் தொடும் முன் பயாஸுக்குள் போய் (ஆன் ஆகும்போது பெரும்பாலும் டெலீட் அல்லது எஃப்2 விசை) ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துவிடுங்கள். முக்கியமாக சாட்டா மோட், பூட் வரிசை, பூட் ஆகும் முறை லெகசியா (பழையது) யுஇஎஃப்ஐயா (புதியது) என்பது. மாற்றிய பிறகு படத்தைப் பார்த்து ஒப்பிட்டு, தேதியும் நேரமும் சரிசெய்து, சேமித்து வெளியே வாருங்கள். எழுத்து பொறித்த பக்கம், அதாவது பாசிட்டிவ், மேலே பார்த்திருக்க வேண்டும். பழைய பேட்டரியை மேசை மேலே போட்டுவிடாதீர்கள். சின்னக் குழந்தை விழுங்கினால் விபரீதம்.

அப்புறம் அந்தக் கத்தல். திரையில் எழுத முடியாதபோது பயாஸ் சத்தத்தால் பேசுகிறது. ஆனால் பயாஸுக்கு பயாஸ் பாஷை வேறு. அவார்டு பயாஸில் ஒரு நீளம் இரண்டு குட்டை என்றால் டிஸ்ப்ளே பிரச்சினை, நீளமாக விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தால் ராம். ஏஎம்ஐ பயாஸில் மூன்று குட்டை என்றால் ராம், எட்டு என்றால் டிஸ்ப்ளே நினைவகம். உங்கள் மதர்போர்டின் மேனுவலைப் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும். இருந்தாலும், ஒரு நாள் வருகிறது ஒரு நாள் வரவில்லை என்ற குணத்தை வைத்துப் பார்த்தால் ராம் மேல்தான் எனக்குச் சந்தேகம். செத்துப்போன பாகம் தினமும் செத்தேதான் கிடக்கும். இப்படி விட்டு விட்டு வருவது பெரும்பாலும் தொடர்புக் கோளாறு. தினமும் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, முனைகளில் மங்கலான படலம் படிந்திருக்கும்.

பவர் கேபிளை உருவிவிட்டுப் பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள், மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டின் இரும்பைத் தொட்டு உடம்பில் இருக்கும் ஸ்டேட்டிக்கைப் போக்கிக்கொள்ளுங்கள். ராமின் இரு முனையிலும் இருக்கும் கிளிப்பை வெளிப்பக்கமாகத் தள்ளினால் அது தானே எழும்பும். ஓரத்தில் இருக்கும் பொன்னிறப் பற்களை மிருதுவான வெள்ளை ரப்பரால் லேசாகத் தேயுங்கள். பளபளப்பு திரும்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ரப்பர் தூளைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஸ்லாட்டையும் பிரஷ்ஷால்தான், வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறிக்கும். உப்புத்தாள் கூடவே கூடாது, தங்க முலாம் போய்விடும். திரும்பப் போடும்போது நடுவில் இருக்கும் வெட்டு ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்துகிறதா என்று பார்த்து, இரண்டு கிளிப்பும் ‘டக்’ என்று தானாகப் பூட்டிக்கொள்ளும் வரை அழுத்துங்கள். முதல் முறை செய்பவர்கள் பாதியிலேயே விட்டுவிடுவார்கள். அதற்குக் கொஞ்சம் பலமான அழுத்தம் வேண்டும்.

அப்படியும் கத்தினால், இரண்டு ராம் இருக்கும் பட்சத்தில், ஒன்றை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள், பிறகு மற்றதை மட்டும். ஸ்லாட்டையும் மாற்றிப் பாருங்கள். தகராறு ராமோடு கூடவே போனால் அந்த ராம் கெட்டது, எந்த ராம் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் நின்றால் ஸ்லாட் கெட்டது. இதை எழுதி வைத்துக்கொண்டு செய்யுங்கள், மூன்றாவது முயற்சியில் எது எதுவென்று கட்டாயம் குழம்பும். தெளிந்த பிறகு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ என்ற மென்பொருளை ஓர் இரவு ஓடவிடலாம்.

மதர்போர்டு போய்விட்டது என்றவரின் பேச்சையும் முழுதாகத் தள்ள வேண்டாம். திறந்த கையோடு ப்ராசசரைச் சுற்றி நிற்கும் குட்டி உருளைகளை, அதாவது கெப்பாசிட்டர்களை, பாருங்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியோ, பழுப்பாக எதையோ கக்கியோ இருந்தால் அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் பற்றியும் சந்தேகம் வரலாம். பயாஸின் ஹார்டுவேர் மானிட்டர் பக்கத்தில் 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்காக எஸ்எம்பிஎஸ்ஸையே திறந்துவிடாதீர்கள், பிளக்கை உருவிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

எஃப்1 கேட்கும் வேறு செய்திகளும் வரலாம். ‘சிபியு ஃபேன் எரர்’ என்றால் பெரும்பாலும் தூசி அடைத்து விசிறி மெதுவாகச் சுற்றுகிறது. ‘கீபோர்டு இல்லை, தொடர எஃப்1 அழுத்தவும்’ என்று கேட்கும் பயாஸ்களும் உண்டு. எதை வைத்து அழுத்துவது என்று அதை எழுதியவரைத்தான் கேட்க வேண்டும்.

ஒரே ஒரு செய்தி மட்டும் விளையாட்டில்லை: ‘ஸ்மார்ட் ஸ்டேட்டஸ் பேட்’. அது ஹார்ட் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே சொல்வது. என்றைக்காவது அது வந்தால் ராமையும் பேட்டரியையும் அப்படியே விட்டுவிட்டு, அன்றே ஃபைல்களை வேறு டிஸ்குக்கு நகல் எடுங்கள். இந்த முறை எஃப்1 தட்டித் திறந்தது அடுத்த முறையும் திறக்கும் என்று அதில் நம்ப முடியாது.