கத்தி கறுத்துப் போச்சு, என்ன செய்யலாம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்குச் சாணைக்கடைக்காரரின் பதில்கள்

கே: புதிதாக ஓப்பினெல் மடக்குக் கத்தி வாங்கினேன், கார்பன் எஃகு. மாங்காய் நறுக்கியதும் அலகு நீலமும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாகிவிட்டது. “துருப்பிடிச்ச கத்தியில நறுக்கினத யாரு சாப்பிடுறது” என்கிறார் அம்மா.

ப: அது துரு இல்லை. பழைய அரிவாள்மனை எங்காவது இருந்தால் அம்மாவிடம் காட்டுங்கள். வாழைக்காயும் வாழைப்பூவும் பட்டுப்பட்டுக் கன்னங்கரேலென்று இருக்கும். அதே சங்கதிதான் இதுவும்.

மாங்காயின் புளிப்பு எஃகின் மேற்பரப்பை இலேசாகக் கரைக்கிறது. கரைந்த இரும்பு காற்றோடு சேர்ந்து மெல்லிய படலமாக அலகிலேயே ஒட்டிக்கொள்கிறது. காயில் துவர்ப்பு இருந்தால் கறுப்பு இன்னும் சீக்கிரம் ஏறும். படலம் மிக மெல்லிசாக இருக்கும்போது நீலமும் ஊதாவும் மின்னும். தடிக்கத் தடிக்கச் சாம்பல் நிறத்துக்கு வந்து நிற்கும்.

சந்தேகமென்றால் வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். செம்மண் மாதிரி துணியில் ஒட்டினால் துரு. துரு உதிரும், ஈரத்தைப் பிடித்து வைக்கும், அடியில் குழி பறிக்கும். கறுப்பு அப்படியே ஒட்டிக்கொண்டு கிடக்கும். புதுக் கத்தியில் முதல் சில நாள் பழத்தில் இரும்பு வாடை அடிக்கலாம். படலம் ஏற ஏறக் குறைந்துவிடும்.

கே: வினிகரில் ஊறவைத்தால் ஒரே நாளில் கறுத்துவிடுமாமே?

ப: கறுக்கும். பாத்திரம் கழுவும் சோப்பால் எண்ணெய்ப் பசையை நன்றாக எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான வினிகரை டிஷ்யூவில் நனைத்து அலகில் மட்டும் சுற்றி வையுங்கள். கால்மணி நேரம் போதும். எடுத்துக் கழுவி, சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, துடைத்து, எண்ணெய் பூசுங்கள். கறுப்பு போதவில்லையென்றால் இன்னொரு முறை. இராத்திரி முழுக்க ஊறப்போட்டால் முனை மழுங்கி, அலகில் புள்ளி புள்ளியாகக் குழி விழும். மடிப்புக்குள் புளிப்பு இறங்கினால் துரு அங்கிருந்துதான் கிளம்பும்.

என்னைக் கேட்டால், இந்த அவசரமே வேண்டாம். வெங்காயம், எலுமிச்சை, கொய்யா என்று தினம் நறுக்குங்கள். அந்தக் கறுப்புக்கு வரும் அழகு வினிகருக்கு வராது.

கே: செம்பனைத் தோட்டத்தில் வேலை. கத்தி நன்றாகக் கறுத்த பிறகும் ஆரஞ்சுப் புள்ளி வருகிறதே?

ப: கத்தியைக் கால்சட்டைப் பையில்தானே வைக்கிறீர்கள்? வியர்வையில் உப்பு இருக்கிறது, அது எந்தப் படலத்தையும் துளைக்கும். கறுப்பு ஏறினால் துரு தாமதமாகும், அவ்வளவுதான். நம்மூர் ஈரக்காற்றில் அதை மட்டும் நம்பிப் பலனில்லை. வேலை முடிந்ததும் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள். தோலுறைக்குள் போட்டு மாதக்கணக்கில் மூடி வைக்காதீர்கள்; தோல் ஈரத்தை விடாது. இப்போது இருக்கும் புள்ளிகளை எண்ணெய் தொட்ட மெல்லிய இரும்புப் பஞ்சால் தேயுங்கள். அந்த இடம் வெளுக்கும், பரவாயில்லை, மறுபடி கறுத்துக்கொள்ளும்.

கே: என்ன எண்ணெய்? தேங்காய் எண்ணெய் ஆகுமா?

ப: தினம் புழங்கும் கத்தியின் அலகுக்கு ஆகும். எடுத்து வைக்கும் கத்திக்கு வேண்டாம், நாளாக ஆகக் காறும். சமையல் எண்ணெய் மடிப்பில் பிசினாகிவிடும். மருந்துக் கடையில் கிடைக்கும் பாரஃபின் திரவம் உத்தமம்: கெடாது, சாப்பாட்டில் பட்டாலும் பயமில்லை. தையல் மெஷின் எண்ணெய் பூசிய அலகால் பழம் நறுக்காதீர்கள்.

கே: என் கத்தி மட்டும் இரண்டு வருடமாகக் கறுக்கவே இல்லை.

ப: எவர்சில்வராக இருக்கும். 10.5 விழுக்காட்டுக்கு மேல் குரோமியம் கலந்த எஃகு இலேசில் கறுக்காது. காந்தம் வைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள். எவர்சில்வர் கத்திகளிலும் பெரும்பாலானவற்றில் ஒட்டும். ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுக் கால்மணி நேரம் கழித்துத் துடையுங்கள். கறை விழுந்தால் கார்பன்.

கே: சாணை பிடித்ததும் முனை மட்டும் வெள்ளையாக மின்னுகிறது. அதையும் கறுக்க வைக்கணுமா?

ப: வேண்டாம்.

கே: மழை நாளில் ஓப்பினெல் திறக்கவே மாட்டேன் என்கிறது.

ப: மரப்பிடி ஈரம் குடித்து ஊதி அலகை இறுக்கிப் பிடிக்கிறது. பிடியின் கழுத்தில் அலகைப் பூட்டும் வளையம் திறந்த நிலையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிடியின் அடிப்பக்கத்தை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டுங்கள். அலகு கொஞ்சம் எழும்பும், நகத்தால் இழுத்துவிடலாம். பிறகு இரண்டு நாள் மின்விசிறிக் காற்றில் விரித்து வையுங்கள். வெயிலில் காயவைத்தால் மரம் வெடிக்கும்.