"கடல் காத்துன்னா அப்படித்தான் சார்!"

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் எங்களுடையது முப்பது வருடத்து வீடு. சீலிங் பெயர்ந்து கம்பி தெரிந்ததால், 2.8 லட்சம் பேசி கான்ட்ராக்டரிடம் விட்டோம். 2.3 லட்சம் கொடுத்தாயிற்று. ஆறே மாதத்தில் அதே இடத்தில் விரிசல். கேட்டால் "கடல் காத்துன்னா அப்படித்தான் சார்" என்கிறார். மீதிப் பணத்தையும் கேட்கிறார். ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: கடல் காற்று என்று அவர் சொல்வது பாதி உண்மை. அந்தப் பாதிதான் அவரையே மாட்டிவிடப்போகிறது.

உப்புக்காற்றில் வரும் குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அது உப்பி, கான்கிரீட்டைக் கீழே தள்ளிவிடுகிறது. அதனால் இந்த வேலையில் பூச்சு கடைசிதான். முதலில் கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு கொத்தி, கம்பி பிரஷ்ஷால் துருவை உதிர்த்து, துருத்தடுப்புப் பெயின்ட் அடித்து, அதன்பிறகு பாலிமர் சேர்த்த சிமென்ட் கலவை வைத்து அடைக்க வேண்டும். ரொம்ப மெலிந்துபோன கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்ட வேண்டும். உங்கள் ஆள் துருவின் மேலேயே சிமென்ட்டைப் பூசியிருப்பார் என்றுதான் தோன்றுகிறது. கடலூரில் தொழில் செய்பவருக்குக் கடல் பக்கத்தில் இருப்பது தெரியாதா என்ன?

ஆத்திரத்தில் வேறு மேஸ்திரியைக் கூப்பிட்டு உடைத்துவிடாதீர்கள். உடைத்தால் சாட்சியும் குப்பையோடு போய்விடும். வெளி சிவில் இன்ஜினியர் ஒருவரை அழைத்து, ஓரிடத்தில் மட்டும் அவர் முன்னால் கொத்திக் கம்பியைப் பாருங்கள். போட்டோ, வீடியோ எடுத்து, அவரிடம் கையெழுத்திட்ட அறிக்கை வாங்குங்கள். தட்டினால் டொப்டொப்பென்று சத்தம் வரும் இடத்துக்குக் கீழே கட்டில் வேண்டாம், முட்டுக்கொடுத்து வையுங்கள்.

ஒப்பந்தம் இல்லையே என்று கலங்க வேண்டாம். வாட்ஸப்பில் வந்த எஸ்டிமேட், ஜிபே கணக்கு எல்லாம் ஆதாரமே. குறைகளை எழுதி, 15 நாளில் சரிசெய்யச் சொல்லி ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். வேலை சரியானதும் மீதி 50,000 தருவதாக அதிலேயே குறிப்பிடுங்கள். பணத்தை முடக்கிவிட்டீர்கள் என்று பிறகு அவர் சொல்ல முடியாது.

மசியவில்லையென்றால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள், சில கான்ட்ராக்டர்கள் அதற்கே இறங்கி வருவார்கள். ரெராவுக்கு (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) போகச் சொல்பவர்கள் இருப்பார்கள். விற்பனைக்கில்லாத பழுதுவேலை அதில் வராது.

அவரே திரும்ப வந்து செய்ய ஒப்புக்கொண்டால், துரு நீக்கிய கம்பியை உங்கள் இன்ஜினியர் பார்த்த பிறகுதான் கலவை குழைக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.