மங்கில் இருக்கும் பால் ஏன் ஆடுகிறது?

(மங்கு என்றால் ரப்பர் மரத்தில் வடியும் கித்தாப் பாலைப் பிடிக்கும் கிண்ணம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டத்து மக்கள் கேட்டவை. பதில் சொல்வது, பால்வெட்டுக்காரர் மகனான ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்.)

படிவம் 5 மாணவி: சார், மகரந்தத் தூள் தண்ணீரில் ஆடுவதுதானே பிரௌனியன் இயக்கம்?

கொஞ்சம் திருத்தணும் அம்மா. 1827இல் ராபர்ட் பிரௌன் பார்த்தது மகரந்தத்துக்குள் இருக்கும் நுண்துகள்களை. முழு மகரந்தம் அந்த ஆட்டத்துக்குக் கனம். உயிர் இருப்பதால் துள்ளுகிறதோ என்று கல்லையும் பொடித்துப் போட்டார். அதுவும் ஆடியது. தண்ணீர் மூலக்கூறுகள் நாலாபக்கமும் இடித்துத் தள்ளுவதுதான் காரணம்.

பால்வெட்டி ஓய்ந்த அக்கா: தம்பி, ஆசிட் ஊத்தினா பால் கட்டுது, அம்மோனியா விட்டா கட்டலையே?

எனக்குப் பிடித்த கேள்வி அக்கா. கித்தாப் பாலில் மிதப்பது மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவு ரப்பர் துகள்கள். ஓயாமல் ஆடி ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரி எதிர்மின்னூட்டம் (நெகட்டிவ்) இருப்பதால் ஒன்றையொன்று தள்ளி விலகிப் போய்விடும். ஃபார்மிக் ஆசிட் அந்த மின்னூட்டத்தைப் போக்கிவிடும். அப்புறம் மோதியவை ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். ஆசிட் ஊற்றாமலே மங்கில் பால் கட்டிப்பாலாவது கிருமிகள் புளிக்க வைப்பதால். அம்மோனியா கிருமிகளை அடக்கி, மின்னூட்டத்தையும் காக்கிறது.

1908இல் பாரிஸில் விக்தோர் ஆன்றி என்ற விஞ்ஞானி இதே கித்தாப் பால் துகள்களைச் சினிமாக் கேமராவில் பிடித்தார். ஆசிட் சேர்த்ததும் ஆட்டம் தணிவதையும் கண்டார். பாலை ஆசிட் ஊற்றிக் கட்ட வைக்கும் நம்ம தோட்டத்து ஸ்டோரில் தினமும் நடந்ததுதான்!

கடைக்கார அண்ணன்: தே-ஓவில் (பால் சேர்க்காத தேநீரில்) சீனியைக் கலக்காமல் விட்டால்?

தானாகக் கலக்கும். ஆனால் வெறும் மூலக்கூறு ஆட்டத்தை நம்பினால், ஆறிய தேநீரில் ஒரு சென்டிமீட்டர் ஏற ஏறக்குறைய ஒரு நாள். இரண்டு சென்டிமீட்டருக்கு நான்கு நாள், ஏனென்றால் தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. ஒரு மைக்ரான் ரப்பர் துகளுக்கோ ஒரு சென்டிமீட்டர் நகர சுமார் 3 ஆண்டு. கரண்டியை எடுங்கள் அண்ணே.

லேப் வேலைக்குப் போகும் தம்பி: இதனால் என்ன லாபம்?

அணு உண்டு என்று நிரூபித்ததே இதுதான். மூலக்கூறுகள் இடித்தால் துகள் எவ்வளவு நகரும் என்று 1905இல் ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டார். சயாம், கம்போடியா பக்கம் கிடைக்கும் மஞ்சள் மரப்பிசின் துகள்களை வைத்து பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பெரான் அதைச் சோதித்தார். 1926இல் பெரானுக்கு நோபல் பரிசு. இன்றைக்கு லேப்பில் லேசர் பாய்ச்சி, சிதறும் ஒளி மினுங்கும் வேகத்தை வைத்தே துகளின் அளவைச் சொல்கிறார்கள். சின்னது வேகமாக ஆடும், பெரியது மெதுவாக.

ஒரு பாட்டி: சன்னல் வெயிலில் தூசி ஆடுதே, அதுவுமா?

இல்லை பாட்டி. அது பெரும்பாலும் காற்றோட்டம்.